யுரேனியக் கண்ணாடி: டார்ச் அடித்துப் பச்சையாக ஒளிர்ந்தால் போதுமா?

கேள்வி: 2023 அக்டோபர் 7, காலை 11.20

இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கத்தில் ஒரு கார் பூட் சேலில் (பழைய பொருள்களைக் கார் டிக்கியில் வைத்து விற்கும் சந்தை) 3 பவுண்டுக்கு ஒரு கண்ணாடித் தட்டு வாங்கினேன். எலுமிச்சை மஞ்சள் நிறம், ஓரம் மட்டும் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கிறது. வீட்டுக்கு வந்து 395 நானோமீட்டர் யூவி (புற ஊதா) டார்ச் அடித்தால் பச்சையாக எரிகிறது. யூவியில் பச்சையாக ஒளிர்ந்தால் யுரேனியக் கண்ணாடி, அதாவது நிறத்துக்காக யுரேனியம் கலந்தது. யுரேனியக் கண்ணாடி என்றால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது. ஆகவே இது பழம்பொருள். சரிதானே? இன்னொன்று, வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறாள். ஷோகேசில் வைக்கலாமா?

2023 அக்டோபர் 7, இரவு 9.45

யுரேனியம் என்றது அநேகமாகச் சரி. போருக்கு முந்தையது என்ற முடிவு அதிலிருந்து வராது.

அமெரிக்காவில் 1943-ல் யுரேனியம் அரசுக் கட்டுப்பாட்டுக்குள் போனது. கண்ணாடித் தொழிலுக்குக் கிடைக்கவில்லை. 1958-ல் கட்டுப்பாடு தளர்ந்ததும் மறுபடி ஆரம்பித்தார்கள். அதன்பின் பெரும்பாலும் செறிவு நீக்கிய யுரேனியம் (யுரேனியம்-235-ல் பெரும்பகுதியை எடுத்தபின் மிஞ்சுவது). ஃபென்டன் மாதிரி நிறுவனங்கள் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் செய்தன. செக் நாட்டிலும் அமெரிக்காவிலும் இன்றைக்கும் புதிதாகச் செய்கிறார்கள். போன வருடம் செய்த கிண்ணமும் உங்கள் தட்டு மாதிரியே எரியும். டார்ச்சுக்கு வயது தெரியாது.

தட்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். உள்பக்க நடுவையும் எடுங்கள். குழந்தை பற்றித் தனியாக எழுதுகிறேன், அதை இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

2023 அக்டோபர் 8, காலை 8.10

நேற்று "அநேகமாக" என்று எழுதியதற்குக் காரணம் மாங்கனீஸ்.

மணலில் எப்போதும் கொஞ்சம் இரும்பு இருக்கும். அது கண்ணாடிக்கு அழுக்குப் பச்சை நிறம் கொடுக்கும். அந்தப் பச்சையைப் போக்கிக் கண்ணாடியைத் தெளிய வைக்க மாங்கனீஸ் போடுவார்கள். கண்ணாடித் தொழிலில் அதற்கு 'சோப்பு' என்றே பெயர். அந்த மாங்கனீஸும் யூவியில் பச்சையாக ஒளிரும். நான் சேர்க்கத் தொடங்கிய முதல் வருடத்தில் ஒரு நிறமில்லாத தண்ணீர்க் கூஜாவை வாங்கி, 365 நானோமீட்டர் டார்ச்சில் பச்சை தெரிந்ததும் யுரேனியம் என்று எழுதி ஒட்டி அலமாரியில் வைத்தேன். எட்டு மாதம் அப்படியே இருந்தது. ஒரு நாள் உண்மையான யுரேனியக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. யுரேனியத்தின் பச்சை வாழைக்குருத்துப் பச்சை, கண்ணாடி முழுக்க உள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். கூஜாவின் பச்சை குளத்துப் பாசி மாதிரி மங்கல்.

395 டார்ச்சில் மாங்கனீஸ் அநேகமாக எழும்பாது. யுரேனியம் இரண்டிலும் எழும்பும். அதனால் யுரேனியம் தேடுகிறவருக்கு விலை மலிவான 395 போதும். 365 இன்னும் நிறைய காட்டும், ஆனால் கூடவே குழப்பமும் காட்டும். 395-ல் ஒரு சங்கடம் உண்டு: டார்ச்சின் ஊதா வெளிச்சமே கண்ணாடியில் பட்டுத் திரும்பும். கண் அதையும் ஒளிர்வு என்று எடுத்துக்கொள்ளும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, வெளிச்சம் நேராகப் படாத மூலையைப் பாருங்கள். அங்கேயும் பச்சை இருந்தால் யுரேனியம்.

2023 அக்டோபர் 8, காலை 8.25

விட்டுப் போனது: ஆரஞ்சாகவோ அடர் மஞ்சளாகவோ ஒளிர்ந்தால் காட்மியம் பக்கம் யோசியுங்கள். யுரேனியம் அந்த நிறத்தில் ஒளிராது. அப்புறம் பச்சையாக ஒளிரும் பூச்சை மேலே தடவி விற்பதும் நடக்கிறது. நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பூச்சாக இருந்தால் மேல்தோல் மட்டும் எரியும், உடைந்த ஓரத்தில் எரியாது.

2023 அக்டோபர் 15, மாலை 6.30

படங்களைப் பார்த்தேன். இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டின் நடுவில், பூவேலைப்பாட்டுக்குக் கீழே 'ஆர்டி' (Rd, 'பதிவு செய்யப்பட்டது' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்தும் பக்கத்தில் 1306 என்ற இலக்கங்களும் தெரிகின்றன. அதற்குப் பிறகு இரண்டு இலக்கம் அச்சிலேயே சரியாக விழவில்லை.

அந்த இரண்டு இலக்கம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிரிட்டனில் வடிவமைப்புகளைப் பதிவு செய்து வரிசை எண் கொடுப்பது 1884-ல் ஆரம்பித்தது. 1889-ம் ஆண்டின் எண்கள் 1,16,648-ல் தொடங்குகின்றன. 1890-ன் முதல் எண் 1,41,273. ஆகவே 1306 என்று ஆரம்பிக்கும் ஆறு இலக்க எண் எதுவாக இருந்தாலும் அது 1889-தான்.

1889 என்ற வருடத்தைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. காரணம் சொல்கிறேன். நான் இருப்பது நியூகாசிலில். டைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்ஸ்ஹெட். அங்கே டீம்ஸ் கிளாஸ் வொர்க்ஸ் என்று ஜார்ஜ் டேவிட்சன் 1867-ல் தொடங்கிய தொழிற்சாலை இருந்தது. அவர்கள் 'பேர்லைன்' என்ற கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கியது இதே 1889-ல். நீலத்தில் ஒன்று, 'ப்ரிம்ரோஸ்' என்ற எலுமிச்சை மஞ்சளில் ஒன்று. யுரேனியம் இருப்பது ப்ரிம்ரோஸில். ஓரம் பால் மாதிரி வெளுத்திருக்கிறது என்று நீங்கள் எழுதியபோதே எனக்கு அந்த நினைப்பு வந்தது, ஆனால் அடிப்பக்கம் பார்க்காமல் சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்த வெளுப்பு எப்படி வருகிறது என்பதில்தான் இந்தக் கண்ணாடியின் அழகே இருக்கிறது. அது மேலே ஒட்டிய வேறு கண்ணாடி கிடையாது, பூச்சும் கிடையாது. குழம்பு ஒன்றேதான். அதில் எலும்புச் சாம்பல், ஆர்சனிக் மாதிரிப் பொருள்கள் கலந்திருக்கும். இரும்பு அச்சில் குழம்பை விட்டு மேலிருந்து அழுத்தி எடுத்ததும் தட்டு முழுக்க மஞ்சளாகத் தெளிவாகத்தான் இருக்கும். கொஞ்சம் ஆறவிட்டு, ஓரத்தை மட்டும் மறுபடி உலை வாயில் காட்டுவார்கள். சூடு பட்ட இடம் வெளுக்கும், படாத இடம் மஞ்சளாகவே நிற்கும். அச்சில் மேடாக நிற்கும் புள்ளிகளும் முனைகளும் சீக்கிரம் ஆறியிருக்கும் என்பதால் அவைதான் அதிகம் வெளுக்கும்.

என்னிடம் உள்ள ப்ரிம்ரோஸ் கிண்ணத்தை இப்போது மேசையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஓரத்து வெளுப்பு நுங்குச் சுளை மாதிரி. வெள்ளையும் இல்லை, தெளிவும் இல்லை. விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் அந்த வெளுப்புக்குள் மங்கலான செம்மஞ்சள் தெரிகிறது. மேசையில் வைத்ததும் அது நீலம் ஓடிய பால் நிறத்துக்குத் திரும்பிவிடுகிறது. விரலை உள்பக்கமாக ஓட்டினால் வழவழவென்று இருக்கிறது, வெளிப்பக்கம் வேலைப்பாட்டின் முனைகள் லேசாக உறுத்துகின்றன. கையால் வெட்டிய கண்ணாடியாக இருந்தால் கூர்மையாகவே இருந்திருக்கும். அச்சில் வார்த்துத் தீயில் காட்டியதால் முனை மழுங்கியிருக்கிறது.

2023 அக்டோபர் 15, இரவு 11.05

மேலே எழுதியதில் ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும். பதிவு எண் சொல்வது அந்த வடிவமைப்பு எப்போது பதிவானது என்பதை. உங்கள் தட்டு அந்த வருடமே வார்க்கப்பட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. இரும்பு அச்சு செய்யப் பணம் நிறைய ஆகும். ஒரு அச்சை வருடக்கணக்கில் வைத்து ஓட்டுவார்கள். ஆகவே '1889 அல்லது அதற்குக் கொஞ்சம் பின்' என்று எழுதி வையுங்கள். விற்கிறவர்கள் '1889' என்று மட்டும் போடுகிறார்கள், அது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

2023 அக்டோபர் 16, காலை 7.50

வாசலின் கிளாஸ் என்பதும் யுரேனியம் கிளாஸ் என்பதும் ஒன்றா என்று கேட்டிருந்தீர்கள். யுரேனியம் கிளாஸ் பெரிய குடும்பம், வாசலின் அதில் ஒரு பிள்ளை. தெளிவான மஞ்சள்-பச்சைக் கண்ணாடியை வாசலின் களிம்பின் நிறத்தோடு ஒப்பிட்டு அப்படிச் சொல்கிறார்கள், பெயர் 20-ம் நூற்றாண்டில் வந்தது. விக்டோரியா காலத்து ஆள் யாரும் அதை அப்படி அழைத்ததில்லை. அப்போது 'கேனரி' என்றார்கள், கேனரிப் பறவையின் மஞ்சள். தந்த நிறத்தில், ஒளி ஊடுருவாமல் இருப்பது கஸ்டர்ட் கிளாஸ். 1920, 30-களில் அமெரிக்காவில் கொள்ளைக் கொள்ளையாக வார்த்த இளம்பச்சைத் தட்டுகளிலும் பலவற்றில் யுரேனியம் உண்டு, அதை 'டிப்ரஷன் கிளாஸ்' என்பார்கள்.

இங்கிலாந்துக்கு முன்னால் இதைச் செய்தது பொஹீமியா, இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி. யுரேனியத்தை 1789-ல் கண்டறிந்தவர் மார்ட்டின் ஹைன்ரிக் கிளாப்ரோத். அடுத்த நூற்றாண்டின் 1830-களில் பொஹீமியாவின் யோசெஃப் ரீடெல் இரண்டு நிறங்களைக் கொண்டுவந்தார். ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. இரண்டுக்கும் தன் மனைவி அன்னாவின் பெயரை வைத்தார்: அன்னாகெல்ப், அன்னாக்ரூன். அன்னா மஞ்சள், அன்னா பச்சை. ஒரு கண்ணாடிக்காரர் தன் மனைவிக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

யுரேனியத் தாது வந்தது யோகிம்ஸ்தால் சுரங்கங்களிலிருந்து. இப்போது செக் நாட்டில் யாகிமோவ். முதலில் அது வெள்ளிச் சுரங்கம், அங்கே அடித்த வெள்ளிக் காசின் பெயர்தான் தாலர் ஆகி, பிறகு டாலர் ஆனது. வெள்ளி தேடிய தொழிலாளிகளுக்குக் கறுப்பாகக் கனமாக வந்த பிட்ச்பிளெண்ட் என்ற அந்த யுரேனியத் தாது வேண்டாத கல். பின்னால் அதே கல்லிலிருந்து கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நிறம் எடுக்கத் தொழிற்சாலையே வந்தது. அந்த நிறத்தை எடுத்தபின் குவிந்து கிடந்த கழிவைத்தான் கியூரி தம்பதியர் டன் கணக்கில் பாரிசுக்கு வரவழைத்து ரேடியம் பிரித்தார்கள். ரேடியத்தின் கதையைச் சொல்கிறவர்கள் கண்ணாடியை விட்டுவிடுகிறார்கள். கண்ணாடிக்கு நிறம் வேண்டியிருக்காவிட்டால் அந்தக் கழிவுக் குவியலே இருந்திருக்காது.

2023 அக்டோபர் 29, பிற்பகல் 2.15

அடிப்பக்கத் தேய்மானம் பற்றி. இதற்கு நான் 45 பவுண்டு கொடுத்திருக்கிறேன்.

ஆறு வருடம் முன்பு ஒரு பழம்பொருள் கடையில் (பெயர் வேண்டாம்) ஒரு மஞ்சள்-பச்சை ஜாடி. சீட்டில் விக்டோரியா காலம் என்று எழுதியிருந்தது. டார்ச்சில் அருமையாக எரிந்தது. அடியில் கீறல்களும் இருந்தன. பணத்தைக் கொடுத்து, துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பல மாதம் கழித்து உருப்பெருக்கியில் அடியைப் பார்த்தேன். எல்லாக் கீறலும் ஒரே திசையில் ஓடியது, ஒரே ஆழம், ஒரே நீளம். அடியின் நடுவிலும் கீறல் இருந்தது. நடுப்பகுதி உள்ளே குழிந்திருக்கிறது, மேசையைத் தொடவே தொடாது. தொடாத இடம் எப்படித் தேயும்? உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

நூறு வருடம் மேசையிலும் அலமாரியிலும் நகர்ந்த கண்ணாடியில் கீறல் அப்படி இருக்காது. தரையைத் தொடும் வளையத்தில் மட்டும் இருக்கும். நாலா பக்கமும் ஓடும், சில ஆழமாக, பெரும்பாலும் முடி மாதிரி மெல்லியதாக. மொத்தமாகப் பார்த்தால் அந்த வளையம் பனி படர்ந்த மாதிரி மங்கி இருக்கும். அடி கொஞ்சம் கோணலாக இருந்தால் எந்தப் பக்கம் தாழ்ந்ததோ அந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கும். இதை மட்டும் போலியாகச் செய்வது கஷ்டம்.

தேய்மானமே இல்லாத உண்மையான பழைய கண்ணாடியும் உண்டு, ஷோகேசை விட்டு இறங்காமலே காலம் கழித்தவை. அதனால் தேய்மானம் இல்லை என்பதற்காக உடனே புதியது என்று சொல்ல மாட்டேன். தேய்மானம் தப்பான இடத்தில் இருந்தால் மட்டும் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

2023 நவம்பர் 3, இரவு 10.30

இன்னொருவர் அனுப்பிய படத்துக்கு முந்தாநாள் நான் சொன்ன பதில் தவறு. திருத்துகிறேன்.

அவருடைய சின்னக் கிண்ணத்தில் பதிவு எண்ணுக்குப் பதில் சாய்சதுரக் குறி இருந்தது. 1842 முதல் 1883 வரை அந்தக் குறிதான். உச்சியில் ஒரு வட்டம், அதற்குள் ரோமன் எண் மூன்று இருந்தால் கண்ணாடி. நாலு மூலையிலும் எழுத்தும் எண்ணும். அதில் வருடத்துக்கான எழுத்து 'பி' (P). நான் 1851 என்று சொன்னேன். லண்டனில் மகாப் பொருட்காட்சி நடந்த வருடம் என்று வேறு சந்தோஷப்பட்டு எழுதினேன்.

வருட எழுத்து எந்த மூலையில் இருக்கிறது என்பதை நான் பார்க்கவில்லை. 1867 வரை வருட எழுத்து மேல் மூலையில். 1868-லிருந்து அது வலது மூலைக்குப் போய்விட்டது, எழுத்துகளும் மறுபடி முதலிலிருந்து சுற்றின. 'பி' மேலே இருந்தால் 1851, வலப்புறம் இருந்தால் 1877. அவருடையது வலப்புறம். ஆகவே 1877.

அதைவிட எளிய சாட்சி படத்திலேயே இருந்தது. குறிக்குப் பக்கத்தில் மயில் தலை. அது கேட்ஸ்ஹெட்டின் இன்னொரு பெரிய நிறுவனமான சோவர்பியின் முத்திரை, 1876-ல்தான் வந்தது. மயில் தலை இருக்கும் கண்ணாடி 1851 ஆக முடியாது. ஒரு அடையாளத்தைப் படித்தால் அதை இன்னொரு அடையாளத்தோடு மோதவிட்டுப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டேன். கிண்ணத்தின் சொந்தக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். 1877 என்றதும் அவர் முகம் வாடவில்லை, மயில் தலை என்னவென்று தெரிந்ததே போதும் என்றார்.

2023 நவம்பர் 19, காலை 9.00

குழந்தை இருக்கும் வீடு. தம்பி, இதற்கு இத்தனை நாள் எடுத்ததற்கு வருந்துகிறேன். கதிர்வீச்சை அளக்கும் ஒரு கவுண்ட்டர் இரவல் வாங்கி நானே அளந்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

பொதுவாக இந்தக் கண்ணாடியில் எடையில் 2 சதவீதம் அளவுக்கு யுரேனியம் இருக்கும். 20-ம் நூற்றாண்டின் சில பொருள்களில் 25 சதவீதம் வரை போட்டிருக்கிறார்கள். யுரேனியம்-238-ன் அரை ஆயுள் சுமார் 450 கோடி ஆண்டு. அவ்வளவு மெதுவாகச் சிதைகிற பொருள் என்பதால்தான் கதிர்வீச்சு குறைவு. வெளிவரும் ஆல்ஃபா கதிரில் பெரும்பகுதி கண்ணாடிக்குள்ளேயே நின்றுவிடும், மேற்பரப்பைத் தாண்டியது சில சென்டிமீட்டர் காற்றில் அடங்கிவிடும். கவுண்ட்டரில் 'டிக் டிக்' கேட்பது முக்கியமாக பீட்டா கதிர்.

என் ப்ரிம்ரோஸ் கிண்ணத்தை ஒட்டி வைத்தால் வெறும் மேசையில் காட்டியதைவிட இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல் காட்டியது. ஒரு கை தூரம் விலக்கினேன், வித்தியாசம் தெரியவில்லை. ஷோகேசில் தாராளமாக வைக்கலாம். நான் பயப்படுவது உடைவதற்கு. கனமான தட்டு, இரண்டு வயதுக் குழந்தையின் கைக்கு எட்டினால் அது வேறு விபத்து. மேல் தட்டில் வையுங்கள், பூட்டுங்கள்.

நான் செய்யாதவை: இதில் தினசரி சாப்பிடுவதில்லை. ஊறுகாய், எலுமிச்சைச் சாறு, ரசம் மாதிரிப் புளிப்பை ஊற்றி வைப்பதில்லை, புளிப்பு கண்ணாடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும். விளக்கு மாட்ட ஓட்டை போடுவதில்லை, ஓரத்தைச் சாணை பிடிப்பதில்லை. அந்தத் தூளை மூச்சில் இழுப்பதுதான் இதில் உண்மையான ஆபத்து. உடைந்தால் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

2023 நவம்பர் 19, காலை 9.40

கவுண்ட்டர் இருக்கும்போதே இன்னொன்றும் அளந்தேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் அமெரிக்க ஃபியஸ்டா தட்டு ஒன்று, அந்த ஆரஞ்சுச் சிவப்பு. ஹோமர் லாஃப்ளின் நிறுவனம் 1936-ல் கொண்டுவந்தது. பீங்கானின் மேற்பூச்சில் யுரேனியம் இருக்கிறது. டார்ச் அடித்தால் ஒன்றுமே இல்லை, செத்த மாதிரி இருந்தது. கவுண்ட்டரை வைத்தால் அலறியது. என் கண்ணாடி எல்லாம் சேர்ந்து போட்ட சத்தத்தைவிடப் பெரிது.

ஆகவே ஒளிர்வு வேறு, கதிர்வீச்சு வேறு. கண்ணாடியில் யுரேனியம் ஆக்சிஜனோடு சேர்ந்த யுரேனைல் அயனியாக இருக்கிறது, யூவியை வாங்கிப் பச்சையாகத் திருப்பித் தருவது அதன் குணம். அதற்கும் அணுக்கரு சிதைவதற்கும் சம்பந்தம் இல்லை. 'கதிர்வீச்சால் ஒளிர்கிறது' என்று விற்பனைச் சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்தால் விற்கிறவருக்கே தெரியவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

2023 டிசம்பர் 24, மாலை 4.20

டார்ச்சைக் கொஞ்ச நாள் கீழே வைக்கச் சொல்லி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இன்றைக்கு வாய்த்தது.

டிசம்பர் கடைசியில் நியூகாசிலில் மூன்றே முக்கால் மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். அதன்பின் கால் மணி, இருபது நிமிடம் வானம் நீலமாக நிற்கும். அந்த நேரத்தில் ஜன்னல் ஓரம் வைத்த கிண்ணத்தைப் பாருங்கள். அறையில் விளக்கு போடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் சாதாரண டம்ளர்கள் எல்லாம் சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். யுரேனியக் கிண்ணம் மட்டும் மங்காமல் நிற்கும். நீல வெளிச்சத்தை உள்வாங்கிப் பச்சையாகத் திருப்புகிறது, சுற்றியுள்ள மற்றவற்றால் அது முடியாது. விளிம்பில் ஒரு பச்சைக் கோடு ஓடும், கிண்ணத்தின் அடியில் பச்சை தேங்கி நிற்கும். விக்டோரியா காலத்து வீட்டில் யூவி டார்ச் ஏது? அவர்கள் பார்த்துப் பார்த்து வாங்கியது இந்த அந்தி நேர அழகை.

இதே கேனரிக் கண்ணாடியை வைத்துத்தான் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் சோதனை செய்தார். குயினைன் கரைசல், புளூர்ஸ்பார் கல், இலைப்பச்சை, யுரேனியம் கலந்த கண்ணாடி என்று பலவற்றில் ஒளியைச் செலுத்திப் பார்த்து, உள்ளே போகும் ஒளி வேறு நிறமாக வெளியே வருவதை 1852-ல் எழுதினார். 'ஃப்ளூரசன்ஸ்' என்ற சொல்லே அந்தக் கட்டுரையில் அவர் வைத்த பெயர், புளூர்ஸ்பாரிலிருந்து எடுத்தது. கதிரியக்கம் தெரிய வந்தது 1896-ல். அதற்கு 44 வருடம் முன்பே இந்தக் கண்ணாடி அறிவியலுக்கு ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டது.

2024 பிப்ரவரி 4, காலை 10.15

விலை. எவ்வளவுக்கு விற்கலாம் என்று கேட்டதற்கு நான் எண் சொல்லப் போவதில்லை, என் கணக்கு எப்படி ஓடும் என்று சொல்கிறேன்.

ஆன்லைனில் அதே கிண்ணம் 'பழைய மஞ்சள் கண்ணாடி' என்ற பெயரில் ஒரு விலை, 'யுரேனியம்' என்ற சொல் சேர்ந்தால் இன்னொரு விலை. டார்ச் வெளிச்சத்தில் எடுத்த பச்சைப் படம் மட்டும் போட்டிருந்தால் நான் நகர்ந்துவிடுவேன். அந்தப் படத்தில் விரிசல் தெரியாது, அடி தெரியாது, உண்மையான நிறமும் தெரியாது.

கையில் எடுத்ததும் முதலில் விளிம்பைச் சுற்றி விரல்நுனியை மெதுவாக ஓட்டுகிறேன். கண்ணுக்குத் தப்பிய சில்லு நகத்தில் மாட்டும். பேர்லைனில் வெளுத்த ஓரத்தில் சில்லு போயிருந்தால் சுலபத்தில் தெரியாது, வெளுப்போடு கலந்துவிடும். அப்புறம் மங்கல். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் தெளிவாகி, காய்ந்ததும் மறுபடி வெண்புகை படிந்தால் அது கண்ணாடியின் நோய், அழுக்கு இல்லை. டிஷ்வாஷரில் போட்டுப் போட்டுக் கெட்டுப்போன எத்தனையோ தட்டுகளைப் பார்த்திருக்கிறேன், மனம் பதறும். தயவுசெய்து கையால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள்.

மூடி உள்ள பொருளில் மூடியையும் உடலையும் தனித்தனியாக டார்ச்சில் காட்டிப் பாருங்கள். ஒளிர்வில் அழுத்தம் மாறினால் இரண்டும் வேறு வேறு இடத்தில் பிறந்து பிறகு சேர்ந்தவையாக இருக்கலாம்.

2024 மார்ச் 10, இரவு 8.50

முதல் குறிப்புகளைத் திரும்பப் படித்தேன். மஞ்சள்-பச்சையை மட்டுமே தேடுங்கள் என்கிற மாதிரி எழுதிவிட்டேனோ என்று படுகிறது. அப்படித் தேடினால் பர்மீஸ் கண்ணாடி கையைவிட்டுப் போய்விடும்.

அது மேலே இளஞ்சிவப்பு, கீழே கனிந்த மாம்பழ மஞ்சள், இரண்டும் எங்கே சேர்கின்றன என்று கோடு போட முடியாது. ஒளி ஊடுருவாது, பல பொருள்கள் தொட்டுப் பார்த்தால் முட்டை ஓடு மாதிரி இருக்கும். மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டில் மவுண்ட் வாஷிங்டன் நிறுவனத்தின் ஃப்ரெடரிக் ஷெர்லி 1885-ல் காப்புரிமை பெற்றார். அடுத்த வருடமே இங்கிலாந்தில் தாமஸ் வெப் உரிமம் வாங்கிச் செய்தது. குழம்பில் தங்கமும் யுரேனியமும் இருக்கின்றன. மஞ்சள் யுரேனியத்துடையது. மறுபடி சூடு காட்டிய பகுதியில் தங்கம் விழித்துக்கொண்டு சிவக்கும். பகல் வெளிச்சத்தில் பார்த்து யாரும் யுரேனியம் என்று நினைக்க மாட்டார்கள். டார்ச் எடுத்துப் போவது இப்படிப்பட்ட பொருளுக்குத்தான்.

2024 மே 26, இரவு 9.30

நேற்று கேள்வி கேட்ட தம்பி குடும்பத்தோடு வந்திருந்தார். பகலில் கேட்ஸ்ஹெட்டில் ஷிப்லி ஆர்ட் கேலரிக்குக் கூட்டிப் போனேன். சாயந்தரம் என் வீட்டில் சாப்பாடு முடிந்ததும் தட்டைத் துண்டிலிருந்து பிரித்தார். என்னிடம் அதே வேலைப்பாட்டில் ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் அதுவரை உறுதி இல்லை, படத்தில் அளவு தெரியவில்லை. இரண்டையும் மேசையில் அருகருகே வைத்தோம்.

ஒரே அச்சு. ஓரத்தின் ஏழாவது வளைவில் அச்சின் சின்னப் பிசிறு ஒன்று, இரண்டு தட்டிலும் அதே இடத்தில் புடைத்திருக்கிறது. என்னுடையதில் பதிவு எண் முழுதாகத் தேய்ந்திருக்கிறது, அவருடையதில் 1306 வரை நிற்கிறது. அதனால் அவருடையது முதலில் வார்த்ததாக இருக்கலாம் என்றேன், அச்சு புதிதாக இருந்தபோது. "இல்லை அக்கா, குழம்பு சரியாக அழுந்தாமலும் போயிருக்கலாமே" என்றார். அதுவும் சரிதான், நான்தான் அவசரப்பட்டேன்.

ஆனால் வெளுப்பு ஒன்றில்லை. என் தட்டில் ஓரத்தோடு மெல்லிய கீற்றாக நின்றுவிட்டது. அவருடையதில் ஒரு பக்கம் மட்டும் வெளுப்பு இரண்டு விரல் அகலத்துக்கு உள்ளே இறங்கியிருக்கிறது. உலை வாயில் அந்தப் பக்கத்தைக் காட்டியவர் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பிடித்திருக்கிறார். பாப்பா அந்த அகலமான வெளுப்பைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கண்ணாடி என்பதால் அவள் கைக்குக் கீழே என் கையையும் வைத்துக்கொண்டேன்.